மங்களம் போட்ட சாய்கோடு

மலேசியாவில் ஈப்போ பழைய ஊரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கணினி நிலையத்தில், மங்களத்தைக் கேட்காமல் யாரும் ஒரு வேலையைத் தொடமாட்டார்கள். முதலாளி அருளம்பலமும் அப்படித்தான். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் அவர். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். அதைப் பற்றிப் பெரிய மனிதர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது நிறையவே தெரியும். ஆகவே வேலையைப் பேசிப் பிடித்துக்கொண்டு வருவது அவர், அதை முடித்துக் கொடுப்பது மங்களம் என்று ஓர் ஏற்பாடு எழுதாமலே நடந்துகொண்டிருந்தது.

மங்களம் செம்மோர் பக்கத்தில் ரெட்டைப்பாலத் தோட்டத்தில் 1952இல் பிறந்தவள். ரப்பர்ப் பால்மரம் வெட்டிய பழனியப்பனுக்கு இரண்டாவது பெண். பள்ளியில் மூன்றாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், எழுபத்து மூன்றில் ஈப்போவுக்கு வந்து துளை அட்டை இயந்திரத்தில் உட்காரக் கற்றுக்கொண்டாள். விவரங்களைத் தட்டினால் அட்டையில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைப் பெரிய இயந்திரம் படிக்கும். தோட்டத்தில் இதை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. "டிக்கெட்டுல ஓட்ட போடுற வேலையா? அப்ப பஸ் கண்டக்டருன்னு சொல்லு" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஏழெட்டுக் கதைகள் உலவின. பார்க்க வந்த மாப்பிள்ளைகளை அவளுக்குப் பிடிக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

அட்டைக் காலத்து வேலையில் ஒரு நிம்மதி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. முதல் முப்பது கட்டம் பெயருக்கு, அடுத்த ஏழு ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணுக்கு என்று முன்னாலேயே ஒதுக்கிவிடுவார்கள். பெயர் நீளமாக இருந்தால் முப்பதாவது எழுத்தோடு வெட்டிவிட வேண்டியதுதான். எத்தனையோ சுப்பிரமணியங்கள் மங்களத்தின் கையால் வால் அறுபட்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய பெயர் இன்னொருவருடைய இடத்துக்குள் போய் உட்கார வழியே இல்லை. பதினோரு ஆண்டுகள் அப்படியே பழகியவள் அவள். பின்னால் நடந்ததற்கு இது ஒரு காரணம். சாக்காகச் சொல்லவில்லை, காரணமாகத்தான் சொல்கிறேன்.

எண்பத்தைந்தில் மேசைமேல் வைக்கும் கணினி வந்தது. கூடவே லோட்டஸ் என்ற புதுச் சரக்கும் வந்தது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக விரியும். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானே மாறும். ஈப்போவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எல்லா அதிகாரிகளுக்கும் திடீரென்று அது வேண்டியிருந்தது. விவரங்களோ பழைய இயந்திரங்களில் வெறும் எழுத்துக் கோப்பாகக் கிடந்தன. ஒரு வரிக்கு ஓர் ஆள். பெயர் எங்கே முடிகிறது, ஐசி எண் எங்கே தொடங்குகிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டுமானால், நடுவில் ஏதாவது ஓர் அடையாளம் போட்டுத்தான் ஆக வேண்டும். மங்களம் கையேட்டை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது கோப்பை வரி வரியாகப் படித்து, அடையாளம் வந்த இடத்தில் எல்லாம் வெட்டி, துண்டுகளை லோட்டஸின் கட்டங்களில் கொண்டுபோய் வரிசையாக வைத்துவிடும். இருபத்திரண்டே வரி. அதன் பிறகு அந்தக் கடையில் அவளுக்கு இருந்த மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பத்தேழில் அருளம்பலம் கொண்டுவந்த வேலை, அதுவரை வந்ததிலேயே பெரியது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்த சமயம். ரெட்டைப்பாலத் தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு வீட்டுமனை போடப்போவதாகப் பேச்சு. லயங்களை ஆண்டு முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். அந்த வட்டாரத்தில் மலிவு விலை வீடுகள் முந்நூறு கட்டி முடித்திருந்தார்கள். தோட்டத்து ஜனங்கள், மலாய்க் கம்பத்து ஜனங்கள், புதுக்கிராமத்துச் சீனர்கள் என்று மனு போட்டவர்கள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். ஒரே இடத்தில் தொடர்ந்து எத்தனை ஆண்டு குடியிருந்தார்களோ அத்தனை மதிப்பெண். அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் வீடு. மனுக்களையெல்லாம் தட்டி, லோட்டஸ் கட்டங்களில் போட்டு, மதிப்பெண்படி அடுக்கி, முதல் முந்நூறு பேரை அச்சிட்டுத் தர வேண்டும்.

அந்த மனுக்களில் ஒன்று மங்களத்தின் அக்கா நல்லம்மாளுடையது. பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், புருஷன் செத்த பிறகு எழுபத்து நான்கில் பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்து பால் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. லயத்தை இடித்தால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. மங்களம் இருந்ததோ ஈப்போ புந்தோங்கில் ஒரு வீட்டின் பின்னறை. கட்டில் போட்டால் கதவைப் பாதிதான் திறக்கலாம்.

தட்டச்சுக்கு உட்காரும் மூன்று பெண்களும் என்ன அடையாளம் போடுவது என்று மங்களத்திடம் கேட்டார்கள். காற்புள்ளி ஆகாது, விலாசத்தில் நிறைய வரும். இடைவெளியும் ஆகாது, பெயரிலேயே வரும். மங்களம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சாய்கோடு போடுங்க" என்றாள். முதல் இருபத்தைந்து மனுக்களைத் தட்டியதும் நிரலை ஓட்டிப் பார்த்தாள். மனுக்கள் ஆங்கில அகர வரிசையில் இருந்ததால் அந்த இருபத்தைந்தும் அப்துல்லாக்களும் அபு பக்கார்களும் ஆ பெங்குகளுமாக இருந்தன. அத்தனையும் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. மீதியையும் தட்டச் சொல்லிவிட்டாள்.

கொடுத்த தேதிக்குள் முடிக்கும் அவசரத்தில், மங்களம் பெயர்களைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் பட்டியல் அச்சாகிப் போயிற்று. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்லலாம் என்று எழுதி, அதை ஒவ்வோர் இடத்திலும் ஒட்டினார்கள்.

அந்தக் கெடு முடிய மூன்று நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை மங்களம் தோட்டத்துக்குப் போனபோது, நல்லம்மாள் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தொழிற்சங்கத்துப் பிச்சைமுத்து பட்டியலின் நகலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்திருச்சாக்கா?" என்று மங்களம் கேட்டாள்.

"நமக்கு எங்கடி வரப்போவுது," என்றாள் நல்லம்மாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் குரலில் கோபமில்லை.

"தோட்டத்துல ஒருத்தருக்கும் இல்ல தங்கச்சி," என்றார் பிச்சைமுத்து. "நம்ம தோட்டம்னு இல்ல, எந்தத் தோட்டத்துலயும் இல்ல. எப்பவும் கண்துடைப்புக்காவது பத்துப் பேரப் போடுவானுங்க. இந்தத் தடவ ரொம்பச் சுத்தமாத் தொடச்சிட்டானுங்க. ஒரே ஒரு தமிழ்ப் பேருதான், சவரியம்மா. அதுகூட வேதக்காரங்கன்னுதான் குடுத்திருப்பானுங்க."

"ஆட்சேபம் எழுதலையாண்ணே?"

"எழுதி என்னா ஆவப்போவுது? போன தடவ எழுதுனதுக்கே இன்னும் பதிலக் காணோம்."

மங்களத்துக்கு உடம்பு பற்றி எரிந்தது. ராத்திரி பகலாகத் தட்டி அடுக்கிக் கொடுத்த பட்டியலில், அலுவலகத்தில் எவனோ உட்கார்ந்து பெயர்களை எடுத்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். நகலை வாங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாதி வழி போவதற்குள் அந்த எவனோ ஒருவனை மனத்துக்குள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டாள்.

பஸ் ஈப்போவை நெருங்கித் தாசேக் ஊரைத் தாண்டும்போதுதான் பிச்சைமுத்து சொன்ன ஒரு சொல் உறுத்தத் தொடங்கியது. சுத்தமாக. ஒரு மனிதன் வேண்டுமென்றே ஒதுக்கினால் இவ்வளவு சுத்தமாக ஒதுக்கமாட்டான். தெரிந்தவன், வேண்டியவன் என்று நாலு பேரையாவது விட்டுவைப்பான். ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் ஒருவர் பாக்கியில்லாமல் ஒதுக்க மனிதனுக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பொறுமை உள்ளது எது என்று மங்களத்துக்குத் தெரியும். அவள் பட்டியலை எடுத்து விரித்து, சவரியம்மாவின் பெயரைத் தேடினாள். சவரியம்மாள் அந்தோணி என்று மலாய் எழுத்தில் அச்சாகியிருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

தமிழர் பெயரில் நடுவே எப்போதும் ஒன்று இருக்கும். ஐசியில், பிறப்புச் சூரா என்கிற சான்றிதழில், பள்ளிக்கூடப் பதிவில், எல்லாவற்றிலும் ஆணுக்கு a/l, பெண்ணுக்கு a/p. இன்னாரின் மகன், இன்னாரின் மகள். மலாய்க்காரர்களுக்கு ‘பின்’, ‘பிந்தி’ என்று முழுச் சொல். சீனர்களுக்கு ஒன்றும் இல்லை. தமிழர்களுக்கு மட்டும் இரண்டு எழுத்தும் நடுவில் ஒரு சாய்கோடும். சவரியம்மாவின் பிறப்பைப் பதிந்தவர் அதைப் போட மறந்திருக்கிறார், அதனால் தப்பித்தாள்.

நிரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சாய்கோட்டைக் கண்டால் வெட்டு என்று அவள் சொன்னாள், அது வெட்டியது. பெயரின் பாதி பெயருக்கான கட்டத்தில் விழ, தகப்பன் பெயர் ஐசி எண்ணின் இடத்தில் போய் உட்கார, ஐசி எண் விலாசத்துக்குத் தள்ளப்பட, ஆண்டு இருக்க வேண்டிய கட்டத்தில் விலாசம் இருந்தது. எழுத்துக்கு லோட்டஸ் என்ன மதிப்பெண் போடும்? பூஜ்யம். அத்தனை பேரும் பட்டியலின் அடியில். அடியில் இருப்பதை யாரும் அச்சடிப்பதுமில்லை, பார்ப்பதுமில்லை. அவளுடைய ஐசியிலும் மங்களம் a/p பழனியப்பன் என்றுதான் இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அருளம்பலத்தின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதை நாங்களே போய்ச் சொன்னால், பிள்ளை, அவையள் இனி ஒரு கடுதாசியும் எங்களுக்குத் தரமாட்டினம்."

"தெரியும் சார்."

"சொல்லாட்டில் ஆருக்கும் தெரிய வராது. அப்படித்தானே?"

"யாருக்கும் தெரியாது சார். ஒரு ஆட்சேபம்கூட வரல. நமக்குக் கெடைக்காதுன்னு எல்லாரும் மொதல்லயே நெனச்சிட்டாங்க. அதத்தான் சார் என்னால தாங்க முடியல."

அருளம்பலம் மேசையில் கிடந்த நாட்காட்டியை இழுத்துப் பார்த்தார். அவரும் கணக்குப் போடுகிற மனிதர்தான். மூன்று பெண்களுக்கும் மங்களத்துக்கும் வேலை கொடுக்க வேண்டியவர். பிறகு, "அவையள் பட்டியலிலை கையெழுத்து வைக்கிறது எண்டைக்கு?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை."

"கடிதத்தை நீர் எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதிக் கொடுத்தாள். அந்த இக்கட்டிலும் அவர் சிவப்புப் பேனாவை எடுத்து அவளுடைய ஆங்கிலத்தில் இரண்டு இடம் திருத்தியபிறகுதான் கையெழுத்து வைத்தார். நாற்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்?

வீட்டுத் திட்டத்தைக் கவனித்த அதிகாரி ரம்லி நாற்பது வயதுக்காரர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். எல்லா இந்தியர்களுமா என்று மலாயில் கேட்டார். மங்களம் ஆமாம் என்றாள். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். அவரோ தலையைச் சொறிந்தார். பட்டியல் கைக்கு வந்தபோது அவருக்கும் விசித்திரமாகத்தான் பட்டதாம். மேலே யாரோ சொல்லித்தான் இப்படி வந்திருக்கும், நமக்கென்ன வம்பு என்று கேட்காமல் இருந்துவிட்டாராம். தோட்டத்தில் இருப்பவர்கள் இவரைக் காரணமாக நினைத்தார்கள். இவர் மேலே இருப்பவரை நினைத்திருக்கிறார். மங்களத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வியாழக்கிழமை பகலுக்குள் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார்.

நிரலில் புதிதாக நான்கு வரி சேர்த்தாள். ஒரு வரியில் மூன்று சாய்கோடுதான் இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் மணி அடி என்பது அதன் சாரம். எத்தனை பேரைக் கெடுத்தோம் என்று தெரிந்துகொள்ளாமல் திருத்த அவளுக்கு மனமில்லை. பழைய கோப்பை அப்படியே உள்ளே கொடுத்து ஓட்டினாள். முதல் இருபத்தைந்து பேர் சத்தமில்லாமல் போனார்கள். அப்புறம் அப்பாவு வந்தார், மணி அடித்தது. அர்ச்சுனன் வந்தார், அடித்தது. ஐயாவு. காளியம்மா. பத்துமலை. தட்டச்சுப் பெண்களில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்கக்கா" என்றாள். மங்களம் நிறுத்தவில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு முறை அடித்து ஓய்ந்தது. அதில் ஆறு பேர் விலாசத்தில் சாய்கோடு வைத்திருந்த மலாய்க்காரரும் சீனரும். மற்ற முந்நூற்று எண்பத்தெட்டும் நம் ஜனம்.

அடையாளத்தை மாற்றி, கோப்பு முழுவதையும் திருத்தி, மீண்டும் கட்டங்களில் நிரப்பி, வரி வரியாகச் சரிபார்க்கப் புதன்கிழமை மாலை ஆகிவிட்டது. அடுக்கினாள். முதல் முந்நூறுக்குள் நூற்றேழு தமிழ்ப் பெயர்கள் ஏறி வந்திருந்தன. ஏறியவர்களுக்கு இடம்விட்டு நூற்றுச் சொச்சம் பேர் இறங்கியிருந்தார்கள். பதினைந்து நாளாக வீடு கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மங்களம் அந்தப் பெயர்களையும் ஒன்றுவிடாமல் படித்தாள். அதை ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அக்காவின் பெயர் முந்நூறுக்குள் இல்லை. கீழே தேடிப் போனாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. தொடர்ந்து குடியிருந்த ஆண்டு: பதின்மூன்று.

பிறந்தது அந்தத் தோட்டத்தில், பதினெட்டு வயது வரை வளர்ந்தது அங்கே. ஆனால் பாகான் டத்தோவுக்குப் போய் வந்ததில் அதெல்லாம் கணக்கில் வராமல் போய்விட்டது. மங்களம் அம்புக்குறியை அந்தக் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். பதினைந்து என்று அடித்தாள். திரையின் தலைமாட்டில் அந்த எண் வந்து நின்றது. இன்னும் ஒரு விசையைத் தட்டினால் கட்டத்துக்குள் இறங்கிவிடும். ரம்லிக்குத் தெரியாது. அருளம்பலத்துக்குத் தெரியாது. மூல மனுவை எடுத்து யாரும் ஒத்துப்பார்க்கப் போவதில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், நம் வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் என்ன என்றும் மனம் நன்றாகவே பேசியது.

கடைசியாக, முந்நூறாவது இடத்தில் யார் என்று மேலே போய்ப் பார்த்தாள். காளியம்மா, ரெட்டைப்பாலத் தோட்டம், நாலாவது லயம், பதினான்கு ஆண்டு. மங்களம் சற்று நேரம் விரலைத் தூக்கியபடி இருந்துவிட்டு, அடித்ததை அழித்தாள். நல்ல மனசு என்று இதைச் சொல்லிவிட முடியாது. பாதி பயம். ஒரு தடவை தெரியாமல் ஒருத்தியைத் தள்ளியது போதும், தெரிந்து தள்ளினால் நாலாவது லயத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நினைத்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். நல்லம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மங்களம் உட்காரவுமில்லை.

"மொத லிஸ்ட்டுல தப்பு நடந்துபோச்சிக்கா. தமிழாளுங்க பேரெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சி. பெஜபாட்டு ஆபீஸ்காரங்க செய்யல. நான்தான் செஞ்சேன்."

நல்லம்மாள் மடித்த சேலையை மறுபடியும் பிரித்தாள். "நீயா?"

"நான்தான்க்கா."

"அவுனுங்க செஞ்சானுங்கன்னு இருந்தப்ப எனக்கு ஒண்ணும் தோணல. எப்பவும் நடக்குறதுதானன்னு படுத்துத் தூங்கிட்டேன்." அவள் குரல் உயர்ந்தது. "நீ எப்படிடி செய்யலாம்? நம்ம வூட்டுப் புள்ள உக்காந்திருக்கிற எடத்துல எப்படி நடக்கும்?"

மங்களம் திட்டு வாங்கிக்கொண்டாள். அக்கா இவ்வளவு கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. ஓய்ந்த பிறகு, "இப்பச் சரி பண்ணியாச்சிக்கா. நூத்தி ஏழு பேருக்கு வந்திருக்கு" என்றாள்.

"எனக்கு?"

"முந்நூத்திப் பன்னெண்டாவதா இருக்க. வீடு முந்நூறுதான். பதிமூணு வருஷம்தான் கணக்குல வருது."

நல்லம்மாள் பிரித்த சேலையை மடிக்கப் போனாள்.

"பதினஞ்சுன்னு அடிச்சேன்க்கா. அழிச்சிட்டேன்."

"ஏன் அழிச்ச?"

"முந்நூறாவது ஆளு காளியம்மா. பதினாலு வருஷம்."

"நாலாவது லயத்துக் காளியம்மாவா?"

"ஆமா."

நல்லம்மாள் கையிலிருந்த சேலையின் சுருக்கத்தை நீவினாள். அவளுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு சேலையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாளைக்குத்தான் ஒட்டுவாங்க."

"அவ போர்டு பாக்க வரமாட்டா. நமக்குக் கெடைக்காதுன்னு போன தடவையே முடிவு பண்ணிட்டா. வா, போயி சொல்லிட்டு வருவோம்."

நாலாவது லயத்தில் காளியம்மா சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போவது என்று தெரியாமலே கட்டிக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் சொன்னதை முதலில் அவள் நம்பவில்லை. மங்களத்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். சாக்கின் கட்டை அவிழ்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, "அப்ப ஒனக்கு நல்லம்மா?" என்று கேட்டாள்.

"என்னையும் எண்ணிப் பாத்தாங்க," என்றாள் நல்லம்மாள். "ஒரு வருஷம் கொறஞ்சி போச்சி."